ஐந்நூறாவது இடுப்பு

ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். பல் விளக்கினேன். கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். ரொட்டியில் மார்ஜரின் தடவித் தின்றேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். சரியாக ஆறு மணிக்கு ஷாமளாவின் கைத்தொலைபேசி அதிர்ந்தது.

“வணக்கம், அன்புள்ள இடுப்பு உரிமையாளரே! இன்று உங்கள் வலி எத்தனை?”

கீழே பதினொரு முகங்கள் இருந்தன. பூஜ்ஜியம் சிரித்தது. பத்து அழுதது. நான் பூஜ்ஜியத்தைத் தொட்டேன்.

“அருமை! நீங்கள் குணமடைந்து வருகிறீர்கள்.”

என் மனைவி ஷாமளா இறந்து அன்று இருபதாவது நாள்.

பூஜ்ஜியத்தைத் தொடாவிட்டால் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை அது அதிரும். தகனம் முடிந்த மறுநாள் தொடாமல் விட்டுப் பார்த்தேன். பதில் அளிக்காத நோயாளிகள் மெதுவாகவே குணமடைகிறார்கள் என்று பிற்பகலில் ஒரு பதிவு செய்த குரல் அழைத்துச் சொன்னது. அதற்கு மறுநாள், “ஷாமளா இறந்துவிட்டார்” என்று எழுதி அனுப்பினேன். “மன்னிக்கவும். எண்கள் மட்டும்” என்று பதில் வந்தது. கொஞ்சம் யோசித்தேன். அவளுக்கு இப்போது வலி இல்லை. பூஜ்ஜியத்தைத் தொட்டேன். அன்றிலிருந்து தொடுகிறேன்.

பதினெட்டாவது நாள் வேறு ஒரு செய்தி வந்தது. ஷாமளா, அவளுக்கு இடுப்பு மூட்டை மாற்றிய அலோர் ஸ்டார் மையத்தின் ஐந்நூறாவது சிக்கலற்ற இடுப்பாகத் தேர்வாகியிருக்கிறாள். ‘இடுப்பு நாள்’ விழாவில் சான்றிதழ் தருகிறார்கள். மதிய உணவு உண்டு.

நான் கூலிம் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பதிவு தவறாக இருந்தால் என்னால் தூங்க முடியாது. ஷாமளாவின் பெயருக்கு எதிரே ‘சிக்கல் இல்லை’ என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு ‘இறந்தார்’ என்று எழுத வேண்டும். அவர்களிடம் எனக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான். அன்று விடுப்பு எடுத்தேன்.

பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவர். சனிக்கிழமை பள்ளி இல்லாததால் காலையிலேயே வேனோடு வந்தார். என் மடியில் இருந்த ஐஸ்கிரீம் டப்பாவைப் பார்த்தார்.

“என்னா அது? சாப்பாடா?”

“இல்லண்ணே.”

“வெறும் டப்பாவா? அதுவும் நல்லதுதான். அவனுங்க போடுற சோத்த அதுல தாப்பாவ் பண்ணி, கட்டி எடுத்துக்கிட்டு வந்துரு. அந்தக் காட்டானுங்களுக்கு அப்படியாவது நஷ்டம் வரட்டும்.”

டப்பாவில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை. அலோர் ஸ்டார் வரும்வரை வானொலி பாடிக்கொண்டு வந்தது.

ஷாமளா பாலர் பள்ளி ஆசிரியை. முப்பத்தோரு வயது. சின்ன வயதில் ஒரு தோல் நோய்க்குப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். அதனால் வலது இடுப்பு எலும்பின் தலைக்கு இரத்தம் போவது நின்று, அது உளுத்துப் போனது. மாற்று மூட்டு வைக்க வேண்டும் என்றார்கள். சின்ன வெட்டு, இரண்டாம் நாள் வீடு, ஒரு மாதத்தில் வகுப்பறை என்று மையத்தின் விளம்பரத்தில் இருந்தது. பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும் என்பதற்காகவே அவள் அங்கே போனாள்.

மையத்தின் சின்னம் ஓர் அடிக்கோல். வாசலில் ஆளுயரத்துக்கு ஓர் அடிக்கோல் நிற்கும். வருகிறவர்களுக்குச் சாவிக்கொத்தாக ஒரு சின்ன அடிக்கோல் கொடுப்பார்கள். எட்டு சென்டிமீட்டர். மையத்தின் வெட்டு அவ்வளவுதான். மற்ற இடங்களில் இருபத்துநான்கு என்று சுவரில் எழுதியிருந்தது.

டத்தோ பட்டம் பெற்ற அறுவை மருத்துவர் அழகேசன் எங்களுக்கு ஆறு நிமிடம் ஒதுக்கினார். ஷாமளா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“இதுல ஆபத்து என்னென்ன டாக்டர்?”

“நல்ல கேள்வி. பெரிய வெட்டுல இருபத்து மூணு ஆபத்து. நம்ம வெட்டு அதுல மூணுல ஒரு பங்கு. நீங்க டீச்சர். நீங்களே கணக்குப் போடுங்க.”

ஷாமளா விரல் விட்டு எண்ணினாள். “ஏழரைக்கு மேல வருது லா டாக்டர்.”

நான் சிரித்தேன். டத்தோ சிரிக்கவில்லை. “தைரியமா இருக்கீங்க. எலும்புக்கு அது ரொம்ப நல்லது” என்றார்.

அடுத்த அறையில் ஆலோசகர் பிரேமாவதி ஒப்புதல் படிவத்தை நீட்டினார். அந்த இருபத்து மூன்றும் அதில் இருந்தன. எழுத்து எறும்பு வரிசை போல் இருந்தது.

“எழுத்து ஏன்க்கா இவ்வளவு சின்னதா இருக்கு?” என்று கேட்டேன்.

“சின்ன வெட்டுக்குச் சின்ன எழுத்து தம்பி. பெரிய எழுத்துல போட்டா பெரிய ஆபத்துன்னு நெனச்சிர்றாங்க.”

நான் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தேன். நரம்பு சேதம். எலும்பு முறிவு. மூட்டு நழுவுதல். கால் நீளம் மாறுதல். கிருமித் தொற்று. ஆறாவதில் ‘இரத்தக்கட்டி’ என்று இருந்தது. ஏழாவதைப் படிக்கும்முன் பிரேமாவதி அக்கா தாளின் மேல் கையை வைத்தார்.

“படிக்காதீங்க தம்பி. படிச்சா பயம் வரும். பயம் வந்தா பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினா ஆபரேஷன் தள்ளிப் போகும். அதுவும் ஓர் ஆபத்துதான். அது இருபத்து நாலாவது.”

ஷாமளா கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு நானும் போட்டேன்.

அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. மாலையிலேயே நடக்க வைத்தார்கள். ஒரு தாதி அடிக்கோலை வைத்து வெட்டை அளந்தார். ஏழு புள்ளி ஒன்பது. வார்டில் இருந்த எல்லாரும் கை தட்டினார்கள். இரத்தம் உறையாமலிருக்க ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். பெரிய வெட்டுக்காரர்களுக்கு முப்பத்தைந்து நாள் கொடுப்பார்களாம். உள்ளே அறுக்கிற எலும்பும் தட்டி இறக்குகிற உலோகமும் எல்லாருக்கும் அதே அளவுதான், வாசல் மட்டும்தான் சிறியது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று நானும் கை தட்டினேன்.

வீட்டுக்கு வந்த ஆறாம் நாளில் அவளுக்குக் கெண்டைக்கால் வலித்தது. காலை ஆறு மணிக்கு முகங்கள் வந்தபோது அவள் இரண்டைத் தொட்டாள்.

“அவ்வளவுதானா?” என்றேன்.

“ஏழு இருக்கும். ஏழுன்னு போட்டா டாக்டர் மனசு கஷ்டப்படும்ங்க. எவ்வளவு நல்லா செஞ்சு கொடுத்தாரு. பரவால்ல லா.”

எங்கள் வீடுகளில் யார் நலம் கேட்டாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வோம். கேட்டவர் முகம் வாடக்கூடாது. கேட்டது இயந்திரம் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை, அறுவை சிகிச்சை நடந்து எட்டாம் நாள், கால் வீங்கியிருந்தது. நான் வற்புறுத்தியதால் ஏழைத் தொட்டாள். உடனே முப்பது கேள்விகள் வந்தன. எல்லாம் வெட்டைப் பற்றியவை. படம் அனுப்பச் சொன்னது. அனுப்பினோம். “உங்கள் தழும்பு அழகாக ஆறுகிறது!” என்று வந்தது. நான் மையத்தின் எண்ணுக்கு அழைத்தேன். நோயாளி அனுபவ அதிகாரி கேரன் எடுத்தார். இளம் குரல். மரியாதையான பெண்.

“கெண்டைக்காலாண்ணே? நம்ம பேக்கேஜ் இடுப்புலருந்து முட்டி வரைக்கும்தான். முட்டிக்குக் கீழ வேற டிப்பார்ட்மெண்ட். அவங்க திங்கக்கிழமைதான் வருவாங்க.”

“வீங்கியிருக்கும்மா.”

“எட்டு நாளா நடக்குறாங்க இல்லண்ணே, சதை உளைச்சலா இருக்கும். பயப்படாதீங்க. தைலம் போட்டுக் கீழேருந்து மேல உருவி விடுங்க. எங்கம்மாவுக்கு அப்படித்தான் செய்வோம்.”

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஷாமளா சமையலறை வாசலில் விழுந்தாள். முனியாண்டி அண்ணன் வேனின் பின் இருக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு அவளைப் படுக்க வைத்தார். அரசு மருத்துவமனையில் நாற்பது நிமிடம் போராடினார்கள். காலில் உறைந்த இரத்தக்கட்டி இடம் பெயர்ந்து மேலே ஏறி நுரையீரலை அடைத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆறாவது ஆபத்து. அதை நான் படித்திருந்தேன்.

இடுப்பு நாள் விழா மையத்தின் மூன்றாம் மாடியில். மண்டப வாசலில் கோயிலில் செருப்பு வாங்குவதுபோல் கைத்தடிகளை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். படத்தில் கைத்தடி விழக்கூடாதாம். கைத்தடி இல்லாமல் உள்ளே போனவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலி தேடினார்கள்.

எனக்கு இடப்பக்கம் ஒரு பெரியவர். வலது கால் இரண்டு சென்டிமீட்டர் நீண்டுவிட்டதாம்.

“சொன்னேன் தம்பி. ‘இந்தக் கால் சரியா இருக்கு, அந்தக் கால்தான் பிறவிலருந்தே குட்டை. இப்பதான் தெரிய வந்திருக்கு’ன்னுட்டாங்க. அறுபத்தெட்டு வருசமா எனக்கே தெரியாம நொண்டியிருக்கேன், பாரேன்.”

வலப்பக்கம் ஓர் அம்மாள். தொடையில் உணர்ச்சியே இல்லை என்றார். நரம்பு அறுந்திருக்கும்போல. ஊசி வைத்துக் குத்திப் பார்த்தார்களாம்.

“வலிக்குதான்னு கேட்டாங்க. இல்லன்னேன். பூஜ்ஜியம்னு எழுதிக்கிட்டு வாழ்த்துச் சொல்லிட்டுப் போய்ட்டாங்க.”

டத்தோ அழகேசன் பேச எழுந்தார். பொத்தான் துளையில் ஒரு தங்க அடிக்கோல் மின்னியது.

“என் அன்பான இடுப்புகளே! நான் இந்த மையத்தை ஆரம்பிச்சப்ப எங்கிட்ட இருந்தது ஒரு கத்தியும் ஒரு அடிக்கோலும்தான். இன்னைக்கு ஐந்நூறு இடுப்பு. ஒரு சிக்கல் இல்லை. எப்படி இது சாத்தியம்னு வெளிநாட்டுல கேக்குறாங்க. ரொம்ப சிம்பிள். மத்தவங்க சிக்கல் வந்ததுக்கப்புறம் வைத்தியம் பாக்குறாங்க. நாம சிக்கல்னா என்னங்கிறத முன்கூட்டியே சரியா வரையறுத்து வச்சிருக்கோம். சிக்கல் ஆராய்ச்சிக் குழுன்னு ஒண்ணு இருக்கு. மூணு வருசமா மாசா மாசம் கூடுது. இதுவரைக்கும் ஆராய ஒண்ணுமே கிடைக்கலை. அவங்க பொறுமைக்கு ஒரு கைதட்டு!”

கை தட்டினார்கள். முன்வரிசையில் குழுவினர் எழுந்து கும்பிட்டார்கள். பிரேமாவதி அக்காவும் அதில் இருந்தார்.

“முன்னெல்லாம் நோயாளிங்ககிட்ட நேரா பேசுவோம். நேரம் போகும். அவங்க ஏதாச்சும் சொல்வாங்க. இப்ப முகங்களை அனுப்புறோம். சராசரி வலி ஒண்ணு புள்ளி ரெண்டுதான். அதிலயும் நம்ம ஐந்நூறாவது இடுப்பு இருக்காங்களே, புவான் ஷாமளா, கடைசி பதினெட்டு நாளா தொடர்ந்து பூஜ்ஜியம்! மேடைக்கு வாங்க!”

நான் போனேன். டத்தோ என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“அவங்க வரலையா?”

“இல்ல டாக்டர். இறந்துட்டாங்க.”

அவர் ஒலிவாங்கியைக் கையால் மூடினார். முகம் வெளுத்தது.

“எங்க?”

“வீட்டுல விழுந்தாங்க.”

“வீட்டுலதானே?” அவருக்கு மூச்சு திரும்பியது. “ரொம்ப வருத்தமான விஷயம் மிஸ்டர் ஜெயகுமார். வீடுன்னா சரி.”

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போனார். சிக்கல் ஆராய்ச்சிக் குழுவும் வந்தது. மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக வேலை வந்ததில் அவர்களுக்குக் கொஞ்சம் பரபரப்பு. நான் இறப்புப் பத்திரத்தைக் கொடுத்தேன். ‘சிக்கல் இல்லை’ என்பதை மாற்ற வேண்டும் என்றேன்.

“இதுல நுரையீரல்னு எழுதியிருக்கு தம்பி” என்றார் பிரேமாவதி அக்கா. “நாம இடுப்பு.”

“கட்டி கால்லேருந்து போச்சுக்கா.”

“கால்ல எங்க? முட்டிக்கு மேலயா கீழயா?”

“கீழ.”

குழு ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தது.

டத்தோ என் தோளில் கை வைத்தார். “நான் வெளிப்படையா பேசுறவன். மூட்டு நழுவிச்சா? இல்ல. கிருமி புகுந்துச்சா? இல்ல. கால் நீளம் சரியா இருந்துச்சு. நீங்க மனைவியை இழந்துட்டீங்க, நான் மறுக்கல. ஆனா அந்த இடுப்புக்கு ஒண்ணும் ஆகல. அதை நீங்க ஒத்துக்கணும்.”

நான் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தேன்.

சாம்பல் எடுக்கப் போன காலையில் தகனக்கூட ஊழியர் எரியாமல் கிடந்த மாற்று மூட்டைத் தனியாகக் கொடுத்தார். ஒரு பந்து, ஒரு கிண்ணம், ஒரு தண்டு. மற்றதைப் பினாங்குக் கடலில் கரைத்துவிட்டேன். இதைக் கரைக்க முடியவில்லை.

டத்தோ மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரலால் தண்டைத் துடைத்தார்.

“பாருங்க” என்றார் குழுவிடம். குரல் தழுதழுத்தது. “ஒரு கீறல்கூட இல்ல.”

குழுவில் ஒருவர் படம் எடுத்துக்கொண்டார்.

“பதிவை மாத்துவீங்களா டாக்டர்?”

“எனக்கு ஆசைதான். விதின்னு ஒண்ணு இருக்கே. நம்ம பதிவுல ஒரு பேரு மாறணும்னா ரெண்டே வழி. ஒண்ணு, இங்க வார்டுல இறந்திருக்கணும். இல்ல, ஆபரேஷன் நடந்து முப்பது நாளுக்குள்ள திரும்பி வந்திருக்கணும். அவங்க திரும்பி வரல. திரும்பி வராதவங்க குணமானவங்க.”

என் தொழிற்சாலையிலும் இதே விதிதான். திரும்பி வராத பொருள் நல்ல பொருள். ஏழு வருடமாக நானும் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்று அறுவை சிகிச்சை நடந்து இருபத்தொன்பதாவது நாள். நான் டத்தோவின் கையிலிருந்து இடுப்பை வாங்கி டப்பாவில் வைத்தேன். கீழ்த்தளத்துக்கு இறங்கினேன்.

முகப்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். சட்டையில் ‘கேரன்’ என்று பெயர்ப்பட்டை. குரலைக் கேட்டதும் தெரிந்தது.

“திரும்பி வந்திருக்கோம்” என்றேன். “ஷாமளா. ஐசி அட்டை இது. இடுப்பு இது.”

அவர் டப்பாவுக்குள் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். பிறகு வழக்கமான வேலையைச் செய்தார். தண்டில் பொறித்திருந்த எண்ணைக் கணினியில் அடித்தார். பச்சை விளக்கு எரிந்தது. மையத்தின் பதிவுகள் எல்லாம் இடுப்பு எண்ணில்தான் இருந்தன. திரையில் புதிய பக்கம் விரிந்தது: மறுசேர்க்கை, இருபத்தொன்பதாம் நாள்.

“எடுத்துக்கிச்சு” என்றார் கேரன், நம்பாமல். “இங்க இது யாருக்கும் வந்ததே இல்லண்ணே.”

“அடுத்து என்ன கேக்குது?”

“எப்படி வந்தாங்க? நடந்து, சக்கர நாற்காலி, படுக்கை.”

“டப்பா.”

“மத்தவைன்னு போடுறேன். வலி?”

“பூஜ்ஜியம்.”

“இப்போதைய நிலை?”

“இறந்தார்.”

அந்தச் சொல்லை அடித்தார். திரை அதை ஏற்றுக்கொண்டது. ஓர் எழுத்துகூடச் சிவப்பாகவில்லை. நான் இரண்டு முறை படித்துச் சரிபார்த்தேன்.

வெளியே வேனில் காத்திருந்த முனியாண்டி அண்ணன் உள்ளே வந்து என் பின்னால் நின்றார். டப்பாவில் இருப்பதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

“கடைசிக் கட்டம் ஒண்ணு இருக்குண்ணே” என்றார் கேரன். “இத நிரப்பாட்டி சேவ் ஆகாது. நோயாளி கடைசியா என்ன சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே போடணும்.”

“ஞாயித்துக்கிழமை காலையில” என்றேன். “ஒன்பது மணிலருந்து. அவ நாற்காலில உக்காந்திருந்தா. நான் தரையில. தைலம் போட்டு உருவிவிட்டுக்கிட்டு இருந்தேன். கீழேருந்து மேல.”

கேரனின் விரல்கள் நின்றன. அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு என் குரல் அப்போதுதான் தெரிந்தது.

“அண்ணே… நான்…”

“டைப் பண்ணும்மா. சேவ் ஆகணும்.”

“எவ்வளவு நேரம்ணே உருவுனீங்க?”

“முக்கால் மணி நேரம். நல்லா அழுத்தி. அப்புறம் அவ என் கையைப் பிடிச்சு நிறுத்தினா. எழுந்திரிச்சு டீ போடப் போனா.”

“கடைசியா சொன்னது?”

நான் சொன்னேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.

“போதும், விடுங்க. எவ்வளவு நேரம் லா. உங்களுக்குக் கை வலிக்கும்.”